மாமனாருக்கு உத்தரவிடுவது எப்படி

இயந்திரக் கல்வியில் தேறிய இளைஞர்கள் சிலர், சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கும் எண்ணத்தோடு அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். அப்படிப்பட்ட கம்பெனி ஒன்றில் நான் காரியதரிசியாக இருந்தவன் என்பதால், ஆட்களை நடத்தும் வித்தை எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் காப்பி கொடுத்து, நேர்மை, உழைப்பு, பொறுமை என்று பொதுவாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். அதைத் தெரிந்துகொண்ட விதமோ எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிக்கொள்ளும்படியானதல்ல. ஆகையால் வாயால் சொல்லத் துணியாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கோலார் தங்கவயலுக்குக் காவிரியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த புதிது. என் முதலாளி அப்போது மராமத்து இலாகாவில் பாலம் கட்டிக்கொண்டிருந்த இஞ்சினீயர். சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் நீராவிப் பம்புகள் வண்டி வண்டியாக விறகைத் தின்பதை ஒருநாள் பார்த்தார். மறுமாதம் வேலையை விட்டார். மின்சார மோட்டாரால் ஓடும் பம்பு ஒன்றைத் தாமே வரைந்து, ராபர்ட்சன்பேட்டையின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பதினான்கு ஆட்களை வைத்துக்கொண்டு அதைச் செய்ய ஆரம்பித்தார். இயந்திரங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்றே சொல்லலாம். மனிதர்களையும் அவர் ஒருவகையில் அறிந்திருந்தார். அவர்கள் இயந்திரங்களைவிட மட்டமாகச் செய்யப்பட்டவர்கள் என்பது அவருடைய முடிவு.

முதல் போட்டவர் வேலூரில் நெல் மண்டி வைத்திருந்த அவருடைய மாமனார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். ஏதாவது ஒரு சுரங்கம் இந்தப் பம்பை ஏற்றுக்கொண்டால் மாப்பிள்ளை தம் இஷ்டப்படி இருக்கலாம். இல்லையென்றால் கொட்டகையை மூடிவிட்டு வேலூருக்கு வந்து மண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து, மாமனார் இருமும்போதெல்லாம் எழுந்து நிற்கும் வாழ்க்கையை நினைத்தாலே என் முதலாளிக்குச் சோறு இறங்காது. அவர் கண்டுபிடித்த பம்புக்கு அடியில் இருந்த விசை, மின்சாரத்தைவிட அந்தப் பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் சென்னையில் பி.ஏ. தேறியவன். சரித்திரமும் தர்ம சாஸ்திரமும் என் பாடங்கள். சமூகச் சீர்திருத்தச் சங்கமொன்றில் தொழிலாளர் நிலைமை குறித்து ஒரு வியாசம் வாசித்து, பதினேழு பேருடைய கைதட்டலைப் பெற்றவன். நம்மவர் ஒருவர் தொடங்கும் கம்பெனியிலாவது உழைப்பவன் மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்ற ஆசையால் அந்தக் கொட்டகைக்கு வந்தேன். எனக்கு எல்லாவற்றிலும் பெரிய விரோதி மேஸ்திரி முறை. வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து மேஸ்திரி ஒருவன் தன் ஊரார், உறவினர் என்று கூட்டமாகத் திரட்டி வந்து சுரங்கத்தில் இறக்குகிறான். யார் எங்கே வேலை செய்வது, யாரோடு செய்வது என்பதெல்லாம் அவன் வாய்ச்சொல்தான். மனிதன் தன் திறமையால் அல்லாமல் உறவால் அளக்கப்படுவதைவிட இழிவு உண்டா என்று நான் அந்த வியாசத்தில் கேட்டிருந்தேன்.

ஆகவே நம் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் விதிகளை நானே வகுத்தேன். எவருடைய ஊரையும் சாதியையும் உறவையும் கேட்கக் கூடாது என்பது முதல் விதி. பெயரையும் வேலைத் திறனையும் தவிர வேறெதற்கும் விண்ணப்பத் தாளில் நான் இடம் விடவில்லை. முதலாளிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. கொள்கைக்காக அல்ல, ஆட்களோடு பேசவேண்டிய அவசியம் பாதியாகக் குறைந்ததற்காக.

போர்மேன் பதவிக்கும் பரீட்சை வைத்தோம். பம்பின் வால்வுப் பெட்டியை முழுவதும் பிரித்து, மறுபடி பூட்டி, அதன் படத்தைக் காகிதத்தில் வரைய வேண்டும். இருபத்தாறு வயது பிட்டர் ஒருவர் முதலாவதாக வந்தார். ஐம்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் இரண்டாவது. இந்தப் பெரியவர் சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாள்முதல் இங்கே இருந்தவர். குழாயின்மேல் காதை வைத்துக் கேட்டே எந்த இடத்தில் காற்று புகுகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் படம் வரையத் தெரியவில்லை. திறமையே அளவுகோல் என்று முழங்கிய பிறகு படம் வரையாதவரை எப்படி மேலே ஏற்றுவது? இளைஞரைப் போர்மேன் என்று அறிவித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. நியாயத்தைக் கண்ணால் பார்த்துப் பழகாத ஜனங்கள் அதன்முன் திகைத்து நிற்கிறார்கள் என்று அதற்கு நான் அர்த்தம் செய்துகொண்டேன்.

அன்று மாலை அந்த இளைஞர் என்னிடம் வந்து, இந்தப் பதவியை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்று கேட்டார். அது தாழ்வு மனப்பான்மை என்று எனக்குப் புரிந்தது. சுயமரியாதையைப் பற்றி அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். கடைசியில் 'செரிங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். என் பேச்சு வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். கொட்டகையின் நடுவே கூரையைத் தாங்கும் மரத்தூண் ஒன்று இருந்தது. போர்மேன் காலையில் வந்ததும் நேராக அதன் எதிரில் போய் நின்று, எட்டாம் நம்பர் குழாய்க்கு இன்னும் மரை போடவில்லையாம் என்று அந்தத் தூணுக்குத் தெரிவித்தார். நான்கு முழ தூரத்தில் நின்றிருந்த பெரியவர், தலையைத் திருப்பாமல், தம் முன்னால் இருந்த வைஸ் என்னும் பட்டறைப் பிடிப்பானைப் பார்த்து, மத்தியானத்துக்குள் ஆகிவிடும் என்று பதில் சொன்னார். மத்தியானத்துக்குள் ஆகியும்விட்டது. ஒரு வாரம் முழுவதும் பார்த்தேன். மற்ற பன்னிரண்டு பேரிடமும் முகம் பார்த்துப் பேசிச் சிரித்த போர்மேன், பெரியவருக்கு உரிய வேலையை மட்டும் தூணிடமே ஒப்படைத்தார். தூண் ஒருமுறைகூட அதைத் தவறவிடவில்லை.

பக்கத்திலிருந்த பிட்டர் ஒருவரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்க வாயைத் துணியால் மூடிக்கொண்டார்.

"இன்னாங்க, இது தெரியாதா? அவுரு பொண்ணத்தானே இவுரு கட்டிக்கினு கீறாரு. பொண்ணக் குடுத்தவரப் பாத்து அந்த ஸ்பானர எடு, இந்தக் கொழாயத் தூக்குன்னு எந்த மாப்ளே சொல்லுவான்?"

பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் மாதா கோயில் பூசை முடிந்ததும் மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். பெரியவர் வாசலுக்கு வந்து 'வாங்க மாப்ளே' என்று அழைத்து, முதல் பாயை அவருக்குப் போட்டுவிட்டுத் தாம் தள்ளி உட்காருவார். திங்கட்கிழமை அதே மாப்பிள்ளை அவரை ஏவ வேண்டும். இருவரில் எவரும் மரியாதை இழக்காமல் இருக்க அவர்களாகவே கண்டுபிடித்த வழி அந்தத் தூண். அதில் ஒரு சச்சரவு இல்லை, ஒரு நிமிஷ தாமதம் இல்லை, எந்த விதியும் எழுதவேண்டியிருக்கவில்லை. இவ்வளவும் அன்றே என் கண்முன் இருந்தது. அதைப் பார்க்கத் தவறியதற்கு என் படிப்பைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். உத்தரவு ஒன்று மரத்தின் வழியாகப் பயணம் செய்வதை அவருடைய இஞ்சினீயர் மூளையால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நானோ வழக்கம்போல விளைவுகளைச் சீர்தூக்கினேன். இன்றைக்கு ஒரு தூணை அனுமதித்தால் நாளைக்கு உறவு முன்னே வரும், திறமை பின்னே போகும். கடைசியில் நாம் வாசல் வழியாகத் துரத்திய மேஸ்திரி முறை கூரை வழியாக இறங்கும். இரண்டு நாள் யோசித்து ஒரு விதி எழுதினேன். எந்த உத்தரவும் அதைச் செய்ய வேண்டியவரின் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். அப்படிச் சொல்லப்படாத உத்தரவை ஒருவரும் நிறைவேற்றக் கூடாது. மீறினால் வேலை போகும். முதலாளி கையெழுத்திட்டார். எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, எல்லாரும் பார்க்கும் இடம் அதுதான் என்பதால், அந்தத் தூணிலேயே ஒட்டினேன்.

அதன்பிறகு போர்மேன் பெரியவருக்கு எந்த வேலையும் சொல்லவில்லை. பெரியவர் செய்யவேண்டியதை அவரே காலையில் சீக்கிரம் வந்து செய்து முடித்தார். தமக்கென்று உத்தரவு எதுவும் வராத பெரியவர், ஒரே ஸ்பானரை நாள்முழுதும் துடைத்துக்கொண்டு நின்றார். தங்கவயலிலேயே அவ்வளவு பளபளப்பான ஸ்பானர் வேறு இருந்திருக்காது. போர்மேன் முன்னைவிடக் கடுமையாக உழைப்பதைக் கண்ட முதலாளி, விதி நல்ல பலன் தந்திருப்பதாக என்னைப் பாராட்டினார். நானும் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

இப்படியிருக்கையில் சுரங்கம் ஒன்றின் சூப்பரின்டெண்ட் துரை, நம் பம்பைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். ஷாப்ட் என்னும் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் கிணறு ஒன்றில் வாய்வரை மழைத்தண்ணீர் நின்றது. ஒரு பகலுக்குள் அதை அவர் குறித்த ஆழத்துக்கு இறக்கிக்காட்டினால் பம்பு வாங்குவார். செய்தி வேலூருக்குப் போய், தாமும் நேரில் வந்து பார்ப்பதாக மாமனாரிடமிருந்து பதில் வந்தது.

அவர் வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து என் முதலாளி வேறு ஆளாகிவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. பம்பைப் பற்றி மாமனார் கேட்ட கேள்விகளுக்கு என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் அதை இரண்டு முழ தூரத்தில் இருந்த மாமனாருக்கு எடுத்துச் சொன்னேன். இரண்டு நாள் இந்த உத்தியோகத்தைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

சோதனை நாள் காலை. ஷாப்டின் வாயோரம் பம்பும் மோட்டாரும் பூட்டியிருந்தோம். சுவிச்சுப் பலகைக்கு எதிரில் போர்மேன். பதினைந்து அடி தள்ளி, தண்ணீர் வெளியேறும் குழாயின் வால்வில் கைவைத்தபடி பெரியவர். அந்த வால்வின் குணம் அவர் ஒருவருக்கே பழக்கம் என்பதால் அங்கே வேறு ஆளை வைக்க வழியில்லை. வால்வைத் திறந்த பிறகுதான் மோட்டாரை ஓட்ட வேண்டும். மூடியிருக்கும்போது ஓட்டினால் தண்ணீருக்குப் போக்கிடம் இராது. எங்கேயாவது பிய்த்துக்கொண்டு வெளியே வரும். வேலூர்க்காரர் சரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து, தண்ணீர் புறப்படுவதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று, நாற்காலியைக் குழாய் இணைப்பு ஒன்றுக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லி அமர்ந்துவிட்டார்.

அந்த இடத்தில் ஆள் இருக்கக் கூடாது என்று போர்மேன் முதலாளியிடம் தணிந்த குரலில் சொன்னார். முதலாளி மாமனாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் போய், ஐயா மேல் வெயில் படுகிறதே என்றேன். வெயில் உடம்புக்கு நல்லது என்றார் அவர். நான் திரும்பி வந்துவிட்டேன். ஆபத்து என்ற சொல்லை வாயில் எடுத்தால் பம்பின்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விடுமே என்று அந்த விளைவையும் நான் யோசித்திருந்தேன்.

துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். முதலாளி தலையசைத்தார். போர்மேன் வால்வைத் திறக்கச் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்து, பெரியவரின் பக்கம் திரும்பி, மூடிக்கொண்டார். பெரியவர் எங்கோ தூரத்துச் சுரங்கக் கழிவு மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் சொல்லாமல் அவர் திறக்கக் கூடாது. முகத்தைப் பார்க்காமல் இவர் சொல்லக் கூடாது. இரண்டும் என் கையெழுத்தில் இருந்தவை. துரை என்ன தாமதம் என்று கேட்டார்.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு போர்மேனை நெருங்கினார். "அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லித் தொலையேன். என்ன கேடு உனக்கு?"

போர்மேன் கோபப்படவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"மொதல்ல நீங்க ஒங்க மாமனார அந்த நாற்காலிய வுட்டு எழுந்திருக்கச் சொல்லுங்க, ஐயா. நீங்க எப்பிடி சொல்றீங்கன்னு பாத்துக்கினு நானும் அதே மாதிரி சொல்லிட்றேன்."

நான் அருகில் இருந்ததால் முதலாளியின் முகத்தைப் பார்க்க நேர்ந்தது. பார்த்திருக்க வேண்டாம். அவர் மாமனாரின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார், நின்றார். பிறகு திரும்பி, போர்மேனை ஒதுக்கிவிட்டுத் தாமே சுவிச்சைப் போட்டார்.

மோட்டார் அருமையாக ஓடியது. பம்பு, வரைந்தவர் கனவு கண்டபடியே தண்ணீரை உறிஞ்சியது. குழாய் ஒருமுறை நடுங்கியது, வேலூர்க்காரர் ஆர்வத்தோடு குனிந்து பார்த்தார், இணைப்பு விட்டுக்கொண்டது. பல வருஷமாக மரம் அழுகிக் கிடந்த ஷாப்டுத் தண்ணீர் முழு வேகத்தில் அவர் மார்பில் பாய்ந்து, அவரை நாற்காலியோடு மல்லாத்தியது. பெரியவர் உத்தரவுக்குக் காத்திராமல் வால்வைத் திறந்துகொண்டே தம் மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினார்.

"கரண்ட நிறுத்துடா டேய்."

சுவிச்சுக்கு முன்னால் நின்ற முதலாளியைத் தள்ளிவிட்டுப் போர்மேன் சுவிச்சை அணைத்தார். வேலூர்க்காரருக்கு அடி ஏதும் படவில்லை. நாங்கள் நால்வர் அவரைத் தூக்கி நிறுத்தி, வெயிலில் உட்கார வைத்தோம்.

துரை என்னிடம் சொன்னதன் சாரம் இது: இயந்திரத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை, இணைப்பை மாற்றிவிடலாம். ஆனால் இங்கே அதிகாரி யார் என்பதை அவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் மறுபடி பார்ப்பார். ஒருவர் சொல்லி மற்றவர் கேட்பதை அன்றைக்கும் காணாவிட்டால் பம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். வேலூர்க்காரரும் அங்கவஸ்திரத்தைப் பிழிந்துகொண்டே, அடுத்த வாரம்வரை தாம் இங்கேயே தங்குவதாகவும், பங்காருபேட்டை ஸ்டேஷனிலிருந்து வேலூருக்கு மாப்பிள்ளையின் சாமான்களையும் தம்மோடு சேர்த்தே அனுப்பிவிடலாம் என்றும் என் மூலமாகத் தெரிவித்தார்.

மறுநாள் பெரியவர் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பத்துப் பேர் முன்னிலையில் மாப்பிள்ளையை 'டேய்' என்று சொல்லிவிட்ட வெட்கத்தில் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தார். மாப்பிள்ளைக்கு அதில் வருத்தமே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவர் இல்லாமல் குழாய்களைப் பழுதறப் பூட்ட ஆள் இல்லை.

பெரியவரை நீக்கிவிடலாம் என்றார் முதலாளி. அது அனுபவத்துக்குச் செய்யும் அநியாயம் என்றேன். அப்படியானால் போர்மேனை இறக்கிவிடலாம் என்றார். அது திறமைக்குச் செய்யும் அநியாயம் என்றேன். பின் என்னதான் செய்வது என்று கேட்டார். இரு பக்கத்து விளைவுகளையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை தருவதாகச் சொன்னேன். அதன் பதினோராம் பக்கத்தில் இருந்தபோது போர்மேனின் மனைவி, புருஷனுக்குச் சோற்றுத் தூக்கோடு கொட்டகைக்கு வந்தாள். தூணில் இருந்த காகிதத்தை எழுதினவர் யார் என்று விசாரித்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"எங்க நைனாவ காலையில கூப்புட்டு கொழாயெல்லாம் மாட்டச் சொல்லுங்க. அவுரு மாட்டிட்டு வூட்டுக்குப் போயிடட்டும். அப்பறமா இவுரு வந்து ஓட்டட்டும். அவுரு கையப் புடிச்சி பாக்கி நாள்ல வேற ஒருத்தர் அந்த வால்வக் கத்துக்கட்டும். ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கவே வேணாம். மைன்ல எங்க ஊர் மேஸ்திரி மாமனாரையும் மாப்ளேயையும் ஒரே ஷிப்டுல போட்டதே இல்ல. அந்த மேஸ்திரிக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. இதுக்குப் போயி பி.ஏ. இன்னாத்துக்குங்க?"

அவள் தூக்கைப் புருஷன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன பிறகு, பதினொரு பக்கங்களையும் மடித்து உள்ளே வைத்தேன். தூணிலிருந்த காகிதத்தையும் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் பாதிதான் வந்தது.

இரண்டாம் சோதனை அவள் சொன்னபடியே நடந்தது. முந்திய நாட்களில் பெரியவர் தம் வால்வை வேறொரு பிட்டருக்குக் கற்றுக்கொடுத்தார். அன்று விடிந்ததும் வந்து ஒவ்வோர் இணைப்பையும் தட்டிப் பார்த்துப் பூட்டிவிட்டு, மாப்பிள்ளை வருவதற்குள் போய்விட்டார். போர்மேன் வந்ததும் முதல் வேலையாக ஷாப்டைச் சுற்றிக் கயிறு கட்டினார். வேலை ஆட்களைத் தவிர யாரையும் உள்ளே விடாதே என்று சுரங்கத்துக் காவல்காரனிடம் சொன்னார். வேலூர்க்காரர் வந்தபோது காவல்காரன் கையைக் குறுக்கே நீட்டினான். அவரும் முணுமுணுக்காமல் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்தார். வேலை ஏவுவதில் இத்தனை நாள் திணறியதாக நாங்கள் நினைத்த மனிதர், இரண்டு நிமிஷத்தில் எங்களுடைய மாமனாரையும் சேர்த்துச் சமாளித்துவிட்டார். பிறகு முகத்துக்கு முகம் உத்தரவு கொடுத்தார், வால்வு திறந்தது, மோட்டார் ஓடியது, மாலைக்குள் தண்ணீர் குறித்த ஆழத்துக்கு இறங்கியது. துரை போர்மேனுக்குக் கைகொடுத்தார். மூன்று பம்புகள் வாங்க ஒப்புக்கொண்டார்.

என் முதலாளி வென்றுவிட்டார். இனி வேலூர் இல்லை, மண்டி இல்லை. அன்று மாலை கொட்டகையில் அவர் பதின்மூன்று பேருக்கும் தம் கையாலேயே மிட்டாய் கொடுத்ததை நான் பார்த்தேன். பெரியவருக்குத் தனியாக வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

வேலூருக்குத் திரும்பிய நாலாம் நாள் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. கம்பெனி கண்ணுக்கு முன்னால் நன்றாக வளர்ந்துவிட்டதில் தமக்குப் பரம திருப்தி. ஆனால் ஆட்களைக் கட்டி மேய்க்கும் சாமர்த்தியம் மாப்பிள்ளைக்குப் போதாது என்பதைத் தாம் நனைந்து தெரிந்துகொண்டதால், தம் இரண்டாவது குமாரனை மானேஜராக அனுப்புகிறார். இயந்திரத்தை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். மற்றதையெல்லாம் பையன் பார்த்துக்கொள்வான். அந்தப் பையன் மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறியவர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி கடிதத்தை மேஜைமேல் எறிந்தார். இப்போதே மறுப்பு எழுதும் என்றார். இது என் கம்பெனி, என் பம்பு, உங்கள் பிள்ளையை மண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று, நடந்துகொண்டே சொன்னார். மாமனாரிடம் ஒரு வார்த்தைகூட முகத்தைப் பார்த்துப் பேசாதவர் காகிதத்திடம் நன்றாகவே பேசினார். நான் வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டேன்.

சுத்தப் பிரதி எடுக்கும்போதுதான் எனக்கு யோசனை பிறந்தது. இந்தக் கடிதத்தால் மனம் புண்பட்டு அவர் முதலைத் திரும்ப எடுத்துக்கொண்டால் பதினான்கு குடும்பங்களின் கதி என்ன? 'உங்கள் பிள்ளையை மண்டியிலேயே' என்பதை எடுத்துவிட்டு, அவருடைய இடம் அங்கேதான் மிக அவசியம் என்று மாற்றினேன். அது குத்தலாகத் தொனித்தது, அதையும் எடுத்தேன். 'என் கம்பெனி' என்பதை 'நம் கம்பெனி' ஆக்கினேன். அப்படி ஆக்கிய பிறகு மறுப்புக்கு நியாயம் குறைந்துபோனதால், மறுப்பதைத் தற்சமயத்துக்குத் தள்ளிவைத்தேன். நாலாவது பிரதியில், நல்ல நாள் பார்த்து அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்வது மட்டும் மிஞ்சியது.

முதலாளி இரண்டு முறை படித்தார். "இதையா நான் சொன்னேன்?" என்று கேட்டார். இந்த நிலையில் இவ்வளவுதான் சொல்ல முடியும் என்றேன். அவர் பேனாவை வாங்கி, கையெழுத்திட்டார்.

மைத்துனர் வெள்ளிக்கிழமை ரயிலில் இரண்டு பெட்டிகளோடும் ஒரு சமையற்காரனோடும் பங்காருபேட்டையில் வந்து இறங்கினார். அவரை எதிர்கொள்ள நான்தான் போனேன். வேறு யாராவது போனால் என்ன விளைவு ஏற்படும் என்று முன்னமே யோசித்திருந்தேன்.